கிழிந்த நோட்டும் கொடுத்த வாக்கும்

உங்கள் ஊர்ப் பள்ளிவாசல் உண்டியலைத் திறந்து எண்ணும்போது உடனிருந்து பார்த்ததுண்டா? மாதத்திற்கொரு முறை அப்பணி எனக்கு வாய்க்கிறது. பாயில் கொட்டிய பணத்தை மதரஸா மாணவர்கள் வகை பிரித்து அடுக்குவார்கள். ஐந்நூறு, நூறு, ஐம்பது என அடுக்குகள் உயரும். ஓரத்தில் மட்டும் எவரும் தொட விரும்பாத ஒரு சிறு குவியல் சேர்ந்துகொண்டே வரும். நடுவில் கிழிந்து ஒட்டப்பட்ட நோட்டுகள், மூலை போனவை, எண்ணெயில் ஊறியவை, பேனாவால் மளிகைக் கணக்கு எழுதப்பட்டவை. அவற்றோடு கடைக்காரர் வாங்க மறுத்த பத்து ரூபாய் நாணயங்கள்.

கடைத்தெருவில் செல்லாததை அல்லாஹ்வின் இல்லத்தில் செலுத்திவிடலாம் என்று எண்ணுவோர் நம்மிடையே எத்தனை பேர் என்பதை அக்குவியல் சொல்லிவிடும். தாமே விரும்பி வாங்காத மட்டமான பொருளைத் தருமத்திற்கென ஒதுக்குவதை அல்பகரா அத்தியாயம் கண்டிப்பதை ஓதியவர்கள்தாம் நாம். ஆயினும் இதில் ஒரு வேடிக்கை உண்டு. அக்குவியலின் பெரும்பகுதி மட்டமான பொருளே அன்று. முழு மதிப்புள்ள பணம். போட்டவர் அதை அறியாமல் போட்டார். அறிந்திருந்தால் ஒருவேளை போட்டிருக்கவும் மாட்டார்!

அறியாமையால் உண்டியலுக்கு வரவு வந்தால் பாதகமில்லை. ஏழையின் கைப்பொருள் அதனால் பறிபோவதைத்தான் பொறுக்க முடியவில்லை. சென்ற ஆண்டு மழைக்காலம் கழிந்த பின் எங்கள் தெருவில் ஆப்பம் சுட்டு விற்கும் மாமி ஒருவர் என்னைத் தேடி வந்தார். பேத்தியின் நிக்காஹ் செலவுக்கெனப் பழைய மரப்பெட்டியில் துணிகளுக்கடியில் பணம் சேர்த்து வைத்திருந்தார். பெட்டியின் அடியில் கரையான் ஏறிவிட்டது. பதினெட்டு ஐந்நூறு ரூபாய் நோட்டுகள் அரிக்கப்பட்டிருந்தன. சிலவற்றில் ஓரம் மட்டும் போயிருந்தது. சிலவற்றில் பாதியே எஞ்சியிருந்தது.

"அசரத்து, கடைவீதியில் கிழிந்த நோட்டு வாங்குகிற ஆள் எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பாதி தருகிறேன் என்கிறார். கொடுத்துவிடட்டுமா?" என்று கேட்டார். ஒன்பதாயிரத்திற்கு நாலாயிரத்து ஐந்நூறு. "பொறுங்கள் மாமி" என்றேன்.

ஏன் பொறுக்கச் சொன்னேன் என்பதை விளங்கிக்கொள்ள, நோட்டு என்பது என்ன என்று முதலில் பார்க்க வேண்டும். உங்களிடமுள்ள நூறு ரூபாய் நோட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். முன்பக்கத்தில் ரிசர்வ் வங்கி கவர்னரின் கையொப்பம் இருக்கும். அதை வைத்திருப்பவருக்கு நூறு ரூபாய் தருவதாக அவர் அளிக்கும் வாக்குறுதியும் அதனோடு அச்சிடப்பட்டிருக்கும். அத்தொகைக்கு மத்திய அரசு பொறுப்பு என்பதும் குறிக்கப்பட்டிருக்கும். நோட்டைத் திருப்புங்கள். சிறிய எழுத்தில் பதினைந்து மொழிகளில் தொகை எழுதப்பட்டுள்ளது. கடைசி வரி உருது, அதற்கு மேல் தெலுங்கு, அதற்கும் மேல் நம் தமிழ்.

ஒரு ரூபாய் நோட்டு கிடைத்தால் அதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அதில் இந்த வாக்குறுதி இராது. கவர்னரின் கையொப்பத்திற்குப் பதிலாக மத்திய நிதித்துறைச் செயலாளரின் கையொப்பம் இருக்கும். காரணம் எளிது. நாணயங்களையும் ஒரு ரூபாய் நோட்டையும் வெளியிடுவது மத்திய அரசு. மற்ற நோட்டுகளை வெளியிடுவது ரிசர்வ் வங்கி. அவ்வங்கி தான் கொடுத்த வாக்கை எதைக் கொண்டு நிறைவேற்றுமோ அந்த ரூபாயே ஒரு ரூபாய் நோட்டு. ஆகவே அதற்கு வேறு வாக்குறுதி வேண்டுவதில்லை.

"நூறு ரூபாய் தருவேன் என்கிறாரே, போய்க் கேட்டால் தங்கமா தருவார்?" என்று மாணவர்கள் என்னிடம் கேட்பதுண்டு. தரமாட்டார். வேறு நோட்டுகளோ நாணயங்களோ தருவார். அதனால் அந்த வாக்கு வெறும் அலங்காரம் என்று நினைத்துவிட வேண்டாம். வெளியிட்ட நோட்டுகள் அனைத்தும் வங்கியின் கணக்கில் கடன்களே. அவற்றுக்கு ஈடாகத் தங்கம், வெளிநாட்டுக் கடன்பத்திரங்கள், இந்திய அரசின் கடன்பத்திரங்கள் முதலியவற்றை வங்கி வைத்திருக்க வேண்டும். அவற்றில் தங்கமும் வெளிநாட்டுப் பத்திரங்களும் குறைந்தது 200 கோடி ரூபாய்க்கு இருத்தல் வேண்டும் என்றும், அதில் 115 கோடி தங்கமாக இருத்தல் வேண்டும் என்றும் 1957 முதல் விதி உள்ளது. இதற்கெனத் தன் கணக்குகளில் வெளியீட்டுத் துறை என்ற தனிப்பிரிவையே அவ்வங்கி வைத்துள்ளது.

இவ்வொழுங்கு ஒரே நாளில் வந்துவிடவில்லை. 1861-ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை கல்கத்தா, பம்பாய், சென்னை மாகாண வங்கிகளும் தனியார் வங்கிகளும் தத்தம் நோட்டுகளை வெளியிட்டு வந்தன. அச்சட்டம் அந்த உரிமையை அரசின் கையில் ஒப்படைத்தது. அதன் பின்னரும் சென்னை வட்டத்தில் வெளியிட்ட நோட்டை வேறு வட்டத்தில் வாங்கியே தீரவேண்டுமென்ற கட்டாயம் இருக்கவில்லை. அந்தத் தடை 1903-இல் ஐந்து ரூபாய் நோட்டில் தொடங்கிப் படிப்படியாகவே நீங்கிற்று. ரிசர்வ் வங்கி 1935 ஏப்ரல் முதல் நாள் தொடங்கப்பட்டது. அதன் முதல் நோட்டு 1938-இல் வந்தது. 1949-இல் வங்கி அரசுடைமை ஆயிற்று.

இனி, ஒரு நோட்டு பிறந்து மடியும் கதையைக் கேளுங்கள். அடுத்த ஆண்டிற்கு எவ்வகை நோட்டு எத்தனை வேண்டும் என்று ரிசர்வ் வங்கி கணக்கிடுகிறது. பொருளாதார வளர்ச்சி, மக்களின் தேவை, பழையவற்றில் எத்தனை கழிக்கப்படும் என்ற மதிப்பீடு ஆகியவை அக்கணக்கில் சேரும். வடிவமைப்புக்கு மத்திய அரசின் ஒப்புதல் வேண்டும். மகாராஷ்டிரத்தின் நாசிக்கிலும் மத்தியப் பிரதேசத்தின் தேவாஸிலும் உள்ள அச்சகங்கள் மத்திய அரசின் கழகத்திற்கு உரியவை. மைசூரிலும் மேற்கு வங்கத்தின் சல்போனியிலும் உள்ளவை ரிசர்வ் வங்கியின் துணை நிறுவனத்திற்கு உரியவை. தாள் என்கிறோமே தவிர அது மரக்கூழ்த் தாள் அன்று, முழுக்கப் பருத்தியாலானது. சட்டைப்பையில் நனைந்தாலும் கரையாமல் இருப்பது அதனால்தான். நாணயங்கள் மும்பை, கொல்கத்தா, ஐதராபாத், நொய்டா ஆகிய நான்கு அக்கசாலைகளில் வார்க்கப்படுகின்றன.

அச்சான நோட்டுகள் சென்னை உள்ளிட்ட பத்தொன்பது நகரங்களில் உள்ள ரிசர்வ் வங்கியின் வெளியீட்டு அலுவலகங்களுக்குச் செல்கின்றன. அங்கிருந்து நாடெங்குமுள்ள இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கரன்சி செஸ்ட்டுகளுக்குப் போகின்றன. கரன்சி செஸ்ட் என்பது ஒரு வங்கிக் கிளையின் பாதுகாப்பறைதான். ஆனால் அதற்குள் இருக்கும் பணம் அந்த வங்கிக்குச் சொந்தமன்று. ரிசர்வ் வங்கிக்குச் சொந்தமானது. கிளை அதற்குக் காவல் மட்டுமே. அங்கிருந்து வெளியே எடுத்த நொடியில்தான் அது கிளையின் பணமாகிறது. திரும்ப உள்ளே வைத்தால் ரிசர்வ் வங்கியில் கட்டியதாகக் கணக்கு. நம்மவர் மொழியில் சொன்னால் அமானிதப் பெட்டகம். பிறர் பொருளைத் தன் கூரையின்கீழ் வைத்திருந்தும் தன்னதாகக் கருதாத முறைக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டை மாணவர்களுக்கு நான் வேறெங்கும் கண்டதில்லை.

நோட்டு நம் கைக்கு வந்தபின் படும் பாட்டை நான் விவரிக்க வேண்டியதில்லை. இடுப்பில் செருகுகிறோம், மீன் கையால் வாங்குகிறோம், மாப்பிள்ளைக்கு மாலையாகத் தைத்துப் போடுகிறோம். நோட்டு மாலை வேண்டாமென ரிசர்வ் வங்கி பலமுறை கேட்டுக்கொண்டது. நம் மணப்பந்தல்களுக்கு அது எட்டியதாகத் தெரியவில்லை. நோட்டுக் கட்டுகளில் ஸ்டேப்ளர் பின் அடிக்கும் வழக்கத்தை வங்கிகள் 2001-இல் வந்த உத்தரவினால் கைவிட்டன. 1999-இல் தொடங்கிய தூய நோட்டுக் கொள்கையின் தொடர்ச்சி அது.

வங்கிக்குத் திரும்பிய நோட்டுகளை இயந்திரங்கள் ஒவ்வொன்றாக ஆராய்கின்றன. கள்ள நோட்டு தனியே ஒதுக்கப்படும். நல்லது மீண்டும் புழக்கத்திற்கு வரும். நைந்தது ரிசர்வ் வங்கிக்குப் போய்த் துணுக்குகளாக வெட்டப்பட்டுக் கட்டிகளாக அழுத்தப்படும். முற்காலத்தில் எரித்து வந்தார்கள். இவ்வாறு ஆண்டொன்றில் கழிக்கப்படுபவை ஈராயிரம் கோடி நோட்டுகளுக்கும் மேல்! 2023-24 நிதியாண்டில் அச்சுச் செலவு மட்டும் 5,100 கோடி ரூபாயைத் தாண்டிற்று. 2024 மார்ச் இறுதியில் மக்கள் கையிலும் வங்கிகளிலும் புழங்கிய நோட்டுகளின் மதிப்பு சுமார் 34.8 லட்சம் கோடி ரூபாய்.

இங்கேதான் மாமியின் பெட்டிக்குத் திரும்புகிறோம். நைந்த நோட்டை ரிசர்வ் வங்கி அழிக்கிறது. ஆனால் அதன்மேல் கொடுத்த வாக்கை அழிப்பதில்லை. தாள் போனாலும் கடன் நிற்கிறது. தாளில் எவ்வளவு எஞ்சினால் கடனில் எவ்வளவு நிற்கும் என்பதற்கே 2009-ஆம் ஆண்டின் நோட்டுத் திருப்பிக் கொடுத்தல் விதிகளும் 2018-இல் செய்த திருத்தமும் உள்ளன. இவற்றை உங்கள் வீட்டுப் பெண்களுக்குக் கட்டாயம் சொல்லிக்கொடுங்கள். வீட்டுச் சேமிப்பு அவர்களிடம்தான் இருக்கிறது.

வெறுமனே அழுக்கடைந்த நோட்டையும், இரு துண்டாகிப் பகுதி எதுவும் குறையாத நோட்டையும் எந்த வங்கிக் கிளையிலும் மாற்றலாம். அங்கே உங்களுக்குக் கணக்கு இருக்க வேண்டியதில்லை. ஒரு நாளில் இருபது நோட்டுகள்வரை, ஐந்தாயிரம் ரூபாய்க்கு மேற்படாமல் இருந்தால், கட்டணமின்றி உடனே தருவர். பகுதி இழந்த நோட்டுக்குக் கணக்கு வேறு. இருபது ரூபாய் வரையுள்ளவற்றில், ஒரே துண்டாகப் பாதிக்கு மேல் எஞ்சியிருந்தால் முழுத்தொகை, இல்லையேல் ஒன்றுமில்லை. ஐம்பதும் அதற்கு மேற்பட்டதுமாயின், எஞ்சிய பெரிய துண்டு நூற்றுக்கு எண்பது பங்குக்கு மேல் இருந்தால் முழுத்தொகை. நாற்பது முதல் எண்பது வரை இருந்தால் பாதித்தொகை. நாற்பதுக்குக் கீழே இருந்தால் இல்லை. ஐந்நூறு ரூபாய் நோட்டின் பரப்பு 99 சதுர செண்டிமீட்டர். எண்பது செண்டிமீட்டர் இருந்தால் முழுமை. நாற்பது இருந்தால் பாதி. எரிந்து கருகியதையும் பிரிக்க முடியாமல் ஒட்டிக்கொண்டதையும் கிளைகளில் வாங்கமாட்டார்கள். ரிசர்வ் வங்கியின் வெளியீட்டு அலுவலகத்திற்கே எடுத்துச் செல்ல வேண்டும். வேண்டுமென்றே வெட்டியதற்கும், அரசியல் முழக்கம் எழுதியதற்கும் ஈடு கிடையாது. மளிகைக் கணக்கு எழுதியது செல்லும், பயப்பட வேண்டாம்.

மாமியோடு நானும் போனேன். தொகை ஐந்தாயிரத்தைத் தாண்டுவதால் கரன்சி செஸ்ட் உள்ள கிளைக்குச் செல்லுமாறு எங்கள் ஊர்க் கிளையில் வழி சொன்னார்கள். பக்கத்து நகரில் அக்கிளையின் அலுவலர் கட்டம் கோடிட்ட கண்ணாடித் தாளை ஒவ்வொரு நோட்டின்மீதும் வைத்துப் பொறுமையாக அளந்தார். மாமி மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்திருந்தார். பதினொரு நோட்டுகளுக்கு முழுத்தொகை, ஐந்திற்குப் பாதி, இரண்டிற்கு ஒன்றுமில்லை. ஆறாயிரத்து எழுநூற்று ஐம்பது ரூபாய் கைக்கு வந்தது. போனது போனதுதான், கரையான் தின்றதை எந்த வங்கியும் முழுவதும் திருப்பித் தராது. ஆனால் கடைவீதி ஆள் தின்ன இருந்த இரண்டாயிரத்து இருநூற்று ஐம்பது தப்பிற்று.

அந்த வியாபாரத்தின் மார்க்க நிலை என்ன என்று கேட்பீர்கள். பொன்னுக்குப் பொன்னும் வெள்ளிக்கு வெள்ளியும் மாற்றும்போது அளவு சமமாகவும் கைக்குக் கையாகவும் இருத்தல் வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் வகுத்த நெறியை அறிவீர்கள். காகிதப் பணத்திற்கும் இவ்விதி உண்டா என்பது அறிஞர்களிடையே நெடுங்காலம் விவாதிக்கப்பட்டது. 1986-இல் அம்மான் நகரில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி, காகிதப் பணமும் முழுமையான பணமே, அதற்கும் வட்டி, ஜகாத் பற்றிய சட்டங்கள் பொருந்தும் என முடிவு செய்தது. அதன்படி நோக்கினால், முழு மதிப்புப் பெறத்தக்க நூறு ரூபாய் நோட்டை எண்பது ரூபாய்க்கு விற்பதும் வாங்குவதும் ஒரே இனப் பணத்தை ஏற்றத்தாழ்வாக மாற்றுவதே ஆகும். உங்கள் ஊர் ஆலிமிடம் உங்கள் மத்ஹபின்படி கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். என் கருத்தை ஒளிக்காமல் சொன்னால், வங்கியில் இலவசமாகக் கிடைக்கும் முழுத்தொகையை மறைத்து அறியாதவரிடம் கழிவு பேசுவதில் வட்டிக் குற்றத்தோடு ஏமாற்றும் சேர்ந்திருக்கிறது.

முன்னோர் இதில் எவ்வளவு கண்டிப்பாக இருந்தார்கள் தெரியுமா? ஆரம்ப நாட்களில் முஸ்லிம்கள் ரோமரின் பொற்காசையும் பாரசீகரின் வெள்ளிக்காசையுமே புழங்கினர். கலீஃபா அப்துல் மலிக் பின் மர்வான் ஹிஜ்ரி 77-ஐ ஒட்டித்தான் (கி.பி. 696-97) கலிமா பொறித்த தீனாரை வெளியிட்டார். காசின் ஓரத்தைச் சுரண்டிப் பொன்னைத் திருடுவோர் அக்காலத்திலும் இருந்தனர். பொன்னையும் வெள்ளியையும் அவ்வாறு வெட்டுவதைப் பூமியில் குழப்பம் விளைவிக்கும் செயல்களோடு சேர்த்து எண்ணினார் மதீனாவின் பேரறிஞர் ஸயீத் பின் முஸய்யப் (ரஹ்). இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் இது பதிவாகியுள்ளது.

சுரண்டுவதற்குப் பொன் இல்லாத இக்காலத்தில் நாணயத்திற்கு வேறொரு சோதனை. நல்ல காசை வாங்க மறுப்பது! பத்து ரூபாய் நாணயம் செல்லாது என்ற வதந்தி நம் மாநிலத்தின் பல ஊர்களில் ஆண்டுக்கணக்காக உலவுகிறது. ரூபாய்ச் சின்னம் இருந்தால் செல்லும், இல்லாவிட்டால் செல்லாது என்று ஊருக்கொரு விதி. பல்வேறு காலங்களில் பதினான்கு வடிவங்களில் அந்நாணயம் வெளியிடப்பட்டது, அனைத்தும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் அறிவித்தது. சட்டப்படி செல்லாதது 25 பைசாவும் அதற்குக் குறைந்தவையும்தான். அவை 2011 ஜூன் இறுதியோடு நின்றன. ஐம்பது பைசா இன்றும் செல்லும் என்றால் சிரிப்பீர்கள். பத்து ரூபாய் வரையுள்ள கடனுக்கு அதைக் கொடுக்கலாம். ஒரு ரூபாயும் அதற்கு மேற்பட்டதுமான நாணயங்களை ஆயிரம் ரூபாய் வரை கொடுக்கலாம், பெறுபவர் மறுக்கலாகாது. நம் சமுதாயத்துக் கடைக்காரர்களே "வேண்டாம்" என்று திருப்பித் தள்ளுவதைக் காணும்போது வருத்தமாயிருக்கிறது.

கொடுத்த வாக்கு திரும்பப் பெறப்பட்டதும் உண்டே என்று சிலர் குறுக்கிடுவர். உண்மைதான். 1946, 1978 ஆகிய ஆண்டுகளில் பெரிய நோட்டுகள் செல்லாதவையாக்கப்பட்டன. 2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகளுக்கு நேர்ந்ததை எந்தக் குடும்பமும் மறந்திராது. புழக்கத்தில் இருந்த பணத்தின் மதிப்பில் நூற்றுக்கு 86 பங்கு அது. அரிசிப் பானைக்குள்ளும் அஞ்சறைப் பெட்டிக்குள்ளும் கணவருக்குத் தெரியாமல் சேர்த்து வைத்ததை நம் பெண்கள் வெளியே எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றனர். செல்லாதவையாக்கிய 15.41 லட்சம் கோடியில் 99.3 விழுக்காடு திரும்பி வந்துவிட்டதென ரிசர்வ் வங்கியே பின்னர் அறிவித்தது. அந்நடவடிக்கை சட்டப்படி சரியே என்று 2023 ஜனவரியில் உச்சநீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பு அளித்தது. ஐவரில் ஒரு நீதிபதி மாறுபட்டார். சட்டம் அவ்வாறிருக்க, கெடுவுக்குப் பின் பெட்டியில் கண்டெடுத்த ஓரிரு நோட்டுகளோடு நின்ற முதியவர்களுக்கு யாரும் விடை சொல்லவில்லை என்பதே என் மனக்குறை.

2023 மே மாதத்தில் 2000 ரூபாய் நோட்டு திரும்பப் பெறப்பட்டபோது வழி வேறாக இருந்தது. அது செல்லாது என்று அறிவிக்கப்படவில்லை. கிளைகளில் மாற்றும் கெடு முடிந்த பின்னரும் ரிசர்வ் வங்கியின் வெளியீட்டு அலுவலகங்களுக்கு அஞ்சலில் அனுப்பிக் கணக்கில் வரவு வைத்துக்கொள்ளும் ஏற்பாடு தொடர்ந்தது. வாக்கைக் காப்பதென்றால் இதுவன்றோ முறை!

கள்ள நோட்டைப் பற்றி ஒரு சொல். வங்கியில் கட்டும்போது அப்படி ஒன்று அகப்பட்டால் அதில் முத்திரையிட்டு வைத்துக்கொண்டு ரசீது தருவர், ஈடு தரமாட்டார்கள். அறியாமல் வைத்திருந்தவர் அஞ்ச வேண்டியதில்லை. அறிந்த பின் இருட்டில் வேறொருவர் தலையில் கட்டுபவரே குற்றவாளி, இம்மையிலும் மறுமையிலும். நூறு ரூபாயில் முக்கோணமும் ஐந்நூறில் வட்டமும் விரலால் தடவினால் உணருமாறு மேடாக அச்சிடப்பட்டுள்ளன. கண் தெரியாதவர்களுக்கென அமைத்தது அது. கண் உள்ளவர்களும் தடவிப் பார்க்கலாம்.

சென்ற மாத உண்டியல் எண்ணிக்கையில் ஓரத்துக் குவியலை வழக்கம்போல் தனியே வைத்தோம். கிழிந்த நோட்டுகளை மாணவர் இருவர் வங்கிக்கு எடுத்துச் சென்று மாற்றி வந்தனர். எண்ணூற்று நாற்பதில் எழுபது ரூபாய் மட்டுமே தேறவில்லை. பத்து ரூபாய் நாணயங்கள் நாற்பத்தேழு இருந்தன. செய்தி கேள்விப்பட்டு மாமி வந்தார். ஆப்பக்கடையில் சில்லறைக்குத் தட்டுப்பாடாம். நானூற்று எழுபது ரூபாயை நோட்டாகப் பாயில் வைத்தார். நாற்பத்தேழு நாணயங்களையும் இரண்டுமுறை எண்ணி முந்தானையில் முடிந்துகொண்டு போனார்.